எங்கள் நகருக்கு ஒரே ஒரு மாடு

தை மூன்றாம் தேதி காலையில் என் கைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் எனக்குத் தெரிந்துவிடும். மாடு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, அசைபோடவில்லை, வயிறு கல்லு மாதிரி கிடக்கிறது என்று ஒரு குரல் பதறும். நேற்று என்ன தின்றது என்று கேட்பேன். எப்போதும் போலத்தான் என்பார்கள். பொங்கல் வைத்தீர்களா என்பேன். சாமிக்குப் படைத்ததில் லேசாக வைத்தோம் என்று இழுப்பார்கள். அந்த லேசு என்பது பாதி அண்டா. பதினாறு வருடமாக இதே கேள்வி, இதே பதில், இதே அண்டா.

நான் கால்நடை மருத்துவர். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு மருந்தகத்தில் வேலை. வீடு திண்டுக்கல்லை ஒட்டி, வயலாக இருந்து மனைகளான ஒரு நகரில். பொம்பளை மாட்டு டாக்டர் என்றதும் எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள். மாடு உதைக்காதா, சாணி நாற்றம் குமட்டாதா. உதைக்கும்தான். ஒரு எருமை உதைத்து என் முன்பல் ஒன்று பாதி போயிற்று. அதற்காக நான் எந்த எருமை மேலும் கோபப்பட்டதில்லை. மனிதர்களின் பாசத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மாட்டை அடித்துக் கெடுப்பவர்களைவிட ஊட்டிக் கெடுப்பவர்கள் அதிகம். அடிப்பவனையாவது திட்டலாம். ஊட்டுகிறவர் கையில் தட்டும் கண்ணில் நீருமாக நிற்கிறார். அவரை என்ன செய்வது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை ஒரு பெரிய தொட்டி மாதிரி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு வைக்கோலையும் புல்லையும் நிதானமாகப் பதப்படுத்திக் கொடுக்கின்றன. அந்தத் தொட்டியில் வெந்த அரிசியையும் வெல்லத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் எல்லாம் புளித்துப் போகும். அமிலம் ஏறும். நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். உடம்பில் இருக்கும் தண்ணீர் எல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, மாடு உள்ளுக்குள்ளேயே வறண்டு போகும். கண் குழிந்து, காது சில்லிட்டு, ஒன்றரை நாளில் செத்தும் போகும். இதை நான் பால் சொசைட்டியில், கிராம சபையில், கோயில் மைக்கில், டீக்கடையில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். என் கணவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் மார்கழி கடைசியில் நான் ஒரு முடிவோடு கிளம்பினேன். ஊர் ஊராகப் போய்ச் சொல்வது, ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடிதான், அதற்கு மேல் கூடாது என்று. ஒரேயடியாக வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது பழைய வருடங்களில் பட்டுத் தெரிந்தது. ஒரு கைப்பிடி பொங்கலை மாட்டின் வாயில் வைத்துவிட்டு, மீதியை நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொன்னேன். பலர் தலையாட்டினார்கள். ஒருவர் அவருடைய அப்பா காலத்தில் மாடுகள் ஒரு பானை பொங்கலைத் தின்றுவிட்டு மறுநாள் ஏர் இழுத்தன என்றார். ஏர் இழுத்த மாடு வேறு, கட்டுத்தறியிலேயே நிற்கும் கலப்பின மாடு வேறு என்று விளக்கினேன். அவர் அந்த ஏர் எத்தனை உழவு உழுதது என்று விளக்க ஆரம்பித்தார். இன்னொரு ஊரில் ஒரு அம்மா பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக, "அவுக வேதக்காரவுக, அவுகளுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னார். எங்கள் வீட்டிலும் பொங்கல் வைக்கிறோம், எங்கள் மாதா கோயில் வளாகத்திலும் கரும்பு கட்டிப் பானை ஏற்றுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து, அங்கே இருந்த ஒரு கன்றுக்குக் குடற்புழு மருந்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் நகரில் பிரச்சினை இருக்காது என்று நினைத்தேன். காரணம், அங்கே மாடே ஒன்றுதான் இருந்தது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று நாற்பது வீடு. வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடமிருக்கும், மாடு கட்ட இருக்காது. அந்த ஒரே மாட்டை வைத்திருந்தவர் எங்கள் தெரு முனையில் இருந்த ஒரு அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் வீடு கட்டியிருக்கும் நிலமெல்லாம் அவருடைய மாமனார் கத்தரியும் மிளகாயும் போட்ட பூமி. பங்காளிகள் விற்றுக்கொண்டு போன பிறகு மூலையில் ஒரு துண்டு மட்டும் அக்கா பங்குக்கு நின்றது. அதில் ஓட்டு வீடு, இரண்டு தென்னை, ஒரு கொட்டகை, அதில் செவலை நிறத்தில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு. கணவர் நூற்பாலையில் காவல் வேலை பார்த்தார். வீட்டை நடத்தியது மாடு. எங்கள் காப்பிக்கு அந்த மாட்டின் பால்தான்.

அந்த மாடு அப்போது எட்டு மாதச் சினை, பால் இன்னும் முழுசாக வற்றவில்லை. நான்தான் சினை ஊசி போட்டேன், நான்தான் கைவிட்டுப் பார்த்து உறுதி செய்தேன். கிடேரியாகப் பிறந்தால் விற்காமல் வளர்த்து இரண்டு மாடாக்கிவிட வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. கணவருக்கு முட்டி வலி, இன்னும் எத்தனை நாள் ஆலைக்குப் போவார் என்று தெரியாது. இதை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் மாட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்வார். பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் பால் வாங்கப் போனபோது, ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது அக்கா, சினை மாடு, ஏதாவது ஆனால் கன்றும் போய்விடும் என்று சொன்னேன். அக்கா என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, இந்தக் கைப்பிடியா, எங்க வீட்டுக்காரர் கைப்பிடியா என்று கேட்டுச் சிரித்தார்.

மாட்டுப் பொங்கல் அன்று எனக்கு விடுமுறை என்று பெயர். விடிந்ததிலிருந்து ஒரு கிராமத்தில் கன்று ஈன முடியாமல் தவித்த மாட்டோடு கிடந்தேன். கன்றுக்குத் தலை திரும்பியிருந்தது. சாயங்காலம் வீடு வந்ததும் குளித்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் படுத்துவிட்டேன். தெருவில் நடந்து வந்தபோது அக்கா வீட்டு வாசலில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள், கரிநாள் காலை ஆறு மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். போன் இருந்தும் போன் செய்யாமல் ஓடி வந்திருந்தார். செருப்பில்லை. "மாடு நிக்கமாட்டேங்குது டாக்டரம்மா, செத்த வாங்க" என்றார்.

கொட்டகையில் மாடு முன்னங்காலை மடக்கிப் படுத்திருந்தது. கொம்பில் பூசிய நீலமும் மஞ்சளும் புதுசாக மின்னின, நெற்றியில் குங்குமம், கழுத்தில் வாடிய சம்பங்கி மாலை. கண் உள்ளே போயிருந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. இடப்பக்க வயிற்றைக் குத்தி அசைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி உள்ளே தளும்பியது. பின்னால் சாணி நீராகப் போயிருந்தது, புளித்த மாவு நாற்றம். எதையும் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"எவ்வளவு பொங்கல் வச்சீங்க?"

"நான் ஒரு கைப்பிடிதான் டாக்டரம்மா வச்சேன்."

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. பொய் சொல்லாதீங்க என்று கத்தினேன். ஒரு கைப்பிடிக்கு இப்படி ஆகுமா, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சினை மாடுன்னு தெரிஞ்சும் அள்ளிக் கொட்டியிருக்கீங்களே என்றேன். உங்களைப் போய் விவரமானவங்கன்னு நினைச்சேனே என்றும் சொன்னேன். அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து ஐந்தாறு பேர் வந்து வேலியோரம் நின்றுவிட்டார்கள். அக்கா மாட்டின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டே, "நான் வச்சது ஒரு கைப்பிடிதான். சனங்க வந்தாக" என்றார்.

சனங்க வந்தாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வீட்டில் நாற்பது குக்கரில் பொங்கல் பொங்கியிருக்கிறது. மாட்டுப் பொங்கல் அன்று மாட்டுக்கு வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? மாடில்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஒரு வீட்டில் மாடு நிற்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அன்று வாசலுக்கு வரும் தட்டைத் திருப்பி அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. நான் ஊர் ஊராகப் போய் ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி என்று சொன்னேன். நாற்பது வீட்டுக்கு ஒரு மாடு இருக்கும் இடத்தில் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. பட்டிக்காட்டில் ஆகும் என்று நான் பயந்த ஆபத்து டைல்ஸ் போட்ட தெருவில் ஆகியிருந்தது.

வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த நீரை லிட்மஸ் தாளில் வைத்தேன், தாள் சிவந்தது. சோடா உப்பைக் கரைத்து ஊற்றினேன். நரம்பில் இரண்டு பாட்டில் ஏற்றினேன். எட்டரை மணி வரை பார்த்தேன். மாடு தலையைத் திருப்பி விலாவின் மேல் வைத்துக்கொண்டது. அப்படி வைத்துக்கொண்டால் நேரம் அதிகமில்லை என்று அர்த்தம். வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்தான். ஆனால் அந்த நிலையில் சினை மாட்டை வண்டியில் ஏற்றி இறக்கினால் போய்ச் சேரும்போது உயிரிருக்காது. இங்கேயே வயிற்றைத் திறந்து உள்ளே இருப்பதை அள்ளி வெளியே போட வேண்டும். அக்காவிடம் சொன்னேன். பிழைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கன்றுக்கு அதைவிடவும் சொல்ல மாட்டேன் என்றேன். "நீங்க செய்ங்க" என்றார்.

என்னோடு வேலை பார்க்கும் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. பேச்சு குறைவு. கரிநாளும் அதுவுமாகக் கறி எடுக்க நின்ற வரிசையிலிருந்து நேராக வண்டியில் வந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து மாட்டைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் சாக்கு மூட்டை அண்டக் கொடுத்தோம். இடப்பக்க விலாவில் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றரைச் சாண் நீளத்துக்குத் திறந்தேன். உள்ளிருக்கும் இரைப்பையின் சுவரைத் தோலோடு இழுத்துத் தைத்து, அதையும் கீறி உள்ளே கையை விட்டேன்.

முழங்கை வரைக்கும் பொங்கல்.

வாளி வாளியாக அள்ளினேன். முந்திரி வந்தது, திராட்சை வந்தது, ஏலக்காய்த் தோல் வந்தது. பச்சைக் கற்பூரம் மணக்க ஒரு கட்டி வந்தது. அன்னாசித் துண்டு வந்தது. வாழைப்பழம் தோலோடு வந்தது. வடை வந்தது. வேலியோரம் நின்றவர்கள் இப்போது இருபது முப்பது பேராகிவிட்டார்கள், சிலர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் வாயை அடக்க முடியவில்லை. வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாளியில் போட்டேன். இது யார் வீட்டு அன்னாசி? பச்சைக் கற்பூரம் போடுவது எந்த வீடு? வடையுமா வச்சீங்க, பாயசம் கொண்டாரலையா? படித்தவர்கள் இருக்கும் நகர் என்று போர்டு வைத்திருக்கிறோம், ஒரு வாயில்லாப் பிராணிக்கு எத்தனை வயிறு என்று நினைத்தோம்? வாத்தியார் வீட்டையும் விடவில்லை, வங்கியில் ஓய்வு பெற்ற பெரியவரையும் விடவில்லை. அவர், நாங்க ஒரு கரண்டிதாம்மா என்றார். எல்லாரும் ஒரு கரண்டிதான் சார், அது இங்க நாற்பது கரண்டியாக் கெடக்கு என்றேன். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். யாரும் பதில் பேசவில்லை. அதை நான் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. அக்கா மாட்டின் தலைமாட்டில் நின்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி, "விடுங்க டாக்டரம்மா, விடுங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

உள்ளே கழுவி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. செத்துப்போன நுண்ணுயிர்களுக்குப் பதிலாக நல்லவற்றை உள்ளே விட வேண்டும். ஆரோக்கியமான இன்னொரு மாட்டின் வயிற்று நீர் இருந்தால் நல்லது. அது எங்கே கிடைக்கும்? அன்றைக்குத் திண்டுக்கல்லில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஆடு அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆடும் அசைபோடும் பிராணிதான். என் கணவரிடம் மூடி போட்ட வாளியைக் கொடுத்து, கறிக்கடைக்குப் போய் ஆட்டு வயிற்றுக்குள் இருக்கும் பச்சைத் தண்ணீரைப் பிழிந்து சூடு ஆறுவதற்குள் கொண்டுவரச் சொன்னேன். அவர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். கறிக்கடை வரிசையில் நின்று, கறி வேண்டாம், குடலும் வேண்டாம், குடலுக்குள்ளே இருப்பதுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எட்டு ஆட்டு வயிற்றைப் பிழிந்து கொடுத்தாராம். வேறு நாளாக இருந்தால் என் கணவர் இதற்கு ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருப்பார். அன்று ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுவந்து வைத்தார். இவருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தையல் முடித்து வீடு திரும்ப மத்தியானம் ஒரு மணி. எலுமிச்சம்பழம் தேய்த்தும் கையில் புளித்த வாடை போகவில்லை. புழக்கடைக் குழாயடியில் நின்று மூன்றாவது தடவை சோப்புப் போட்டுக்கொண்டே, நகரின் வாட்ஸப் குழுவில் என்னவெல்லாம் எழுதப் போகிறேன் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். எழுத வேண்டாம் என்றார். ஏன் என்றேன்.

"நம்ம வீட்டுலருந்தும் போச்சு. நீதான போன்ல சொன்ன?"

நான் இல்லவே இல்லை என்றேன். பிறகு நினைவு வந்தது. முந்தின நாள், அந்தத் தலை திரும்பிய கன்றோடு போராடிக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். உதவியாளர்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்தார். நீ சாப்பாட்டுக்கு வரலைன்னா இவ்வளவு பொங்கல் மிஞ்சிக் கிடக்கு, என்ன செய்ய என்று கேட்டார். என் கை தோள் வரைக்கும் மாட்டுக்குள் இருந்தது. எரிச்சலில், இதைக் கேட்கவா இப்போ கூப்பிட்டீங்க, மிஞ்சினதை மாட்டுக்கு வச்சிருங்க என்றேன். எந்த வீட்டிலும் மிஞ்சிய சோற்றுக்குச் சொல்லும் வார்த்தைதான். நினைத்துச் சொன்னதில்லை. வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிவிட்டது. பத்து நாளாக நான் மைக்கில் எதிர்த்துக் கத்திய அதே வார்த்தை.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கணவர் மேல் கோபம். உங்களுக்குத் தெரியாதா, வீட்டில் அதைத்தானே தினமும் புலம்புகிறேன் என்றேன். நீ சொன்னால் ஏதோ சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் என்றார். குழுவில் எதுவும் எழுதவில்லை. நாற்பது தட்டில் எங்கள் தட்டும் ஒன்று, அது இல்லாவிட்டாலும் மாட்டுக்கு இதே கதிதான் ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை ஊசி போடப் போனபோது அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போனேன். அங்கே யாரோ நின்றிருந்தார்கள், சொல்லவில்லை. மறுநாள் யாரும் இல்லை, அன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாடு அசைபோட்டது. அக்கா போனில் கூப்பிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார். அருகம்புல் ஒரு கை தின்றது. நான்காம் நாள் தானாக எழுந்து நின்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கன்று விழுந்தது. அமிலம் ரத்தத்தில் ஏறினால் சினை தங்குவது சிரமம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் ஆசைப்பட்டிருந்தேன். கிடேரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மயிரெல்லாம் முளைத்து, இன்னும் ஒரு மாதம் இருந்தால் எழுந்து ஓடியிருக்கும். அக்கா யாரையும் தொட விடாமல் தானே தென்னையடியில் குழி வெட்டிப் புதைத்தார். மண்ணைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

நகரில் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மாட்டின் பால் நின்றதும் அக்கா வீட்டுப் பக்கம் வருபவர்களும் குறைந்தார்கள். பாக்கெட் பால் வண்டி எங்கள் தெருவுக்குள் வர ஆரம்பித்தது. தப்பும் செய்துவிட்டு ரோஷம் வேறு என்று நான் வீட்டுக்குள் பொருமினேன். 

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப் போனேன். சாயங்காலம் நாலு மணி, கொட்டகையில் அக்காவும் மாடும் மட்டும்தான். புண் சுத்தமாக ஆறியிருந்தது. கடைசித் தையலை வெட்டி எடுத்துவிட்டு, கத்தரியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். அக்கா, அன்னைக்கு உங்களைப் பொய் சொல்றீங்கன்னு எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். எங்க வீட்டுலருந்தும் ஒரு தட்டு வந்திருக்கு. நான்தான் போன்ல சொல்லி அனுப்பினேன். நாற்பதில் எங்களுதும் ஒண்ணு. எனக்கு மறுபடியும் உங்க முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருக்கு என்றேன்.

அக்கா மாட்டின் முதுகிலிருந்த உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும் டாக்டரம்மா. ஒங்களுதுதான் மொதத் தட்டு."

நான் புரியாமல் பார்த்தேன்.

"காலையிலருந்து வந்தவுக அம்புட்டுப் பேரையும் திருப்பித்தான் அனுப்பிச்சேன். டாக்டரம்மா வையிவாக, சினை மாடுன்னு சொல்லி அனுப்பிச்சேன். மூஞ்சியத் தூக்கிட்டுத்தான் போனாக. மத்தியானத்துக்கு மேல சார் வந்தாரு, நீங்க குடுக்கச் சொன்னீகன்னு. டாக்டர் வீட்டுலருந்தே வருதுன்னா இனிமேப்பட்டு ஒண்ணும் செய்யாதுபோலன்னு சாரை வைக்க விட்டேன். எதுத்த வீட்டுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்தா, நான் என்னத்தச் சொல்லி மறிக்க?"

அப்படியென்றால் வேலியோரம் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நான் முந்திரியையும் அன்னாசியையும் எடுத்துக் காட்டிக் கத்தியபோது, வங்கிப் பெரியவரை எல்லோர் முன்னாலும் மடக்கியபோது, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரியும். ஏன் அக்கா சொல்லலை, நான் அவ்வளவு பேசினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயை மூடியிருப்பேனே என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அப்போதும் அவரைக் குற்றம் சொல்வது போலத்தான் வந்தது.

"அவுக சொல்லத்தான் வந்தாக, நான்தான் கைய அமத்துனேன்" என்றார் அக்கா. "ஒங்க கை மாட்டுக்குள்ள இருந்துச்சு டாக்டரம்மா. அந்நேரம் சொல்லி ஒங்களுக்குக் கை நடுங்குனா? எனக்கு மாடு பொழைக்கணும்ல."